நிறுவனத்தின் இணையப் பாதுகாப்பை மதிப்பிட எங்கிருந்து தொடங்குவது?

புதுப்பொறுப்பு

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ இருநூறு பேர் பணியாற்றும் நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்பப் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கிறேன். எங்கள் துறையைச் சேர்ந்த இன்னொரு நிறுவனம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்குதலில் முடங்கியதிலிருந்து மேலிடம் என்னிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது: "நாம் பாதுகாப்பாக இருக்கிறோமா?"

இரண்டு முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. ஒரு வெளி நிறுவனம் ஊடுருவல் சோதனை (தாக்குபவரைப் போலவே நம் கணினிகளுக்குள் நுழைந்து பார்க்கும் சோதனை) செய்துதர முன்வந்திருக்கிறது. இன்னொன்று, தகவல் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழுக்கு எங்களைத் தயார்ப்படுத்துவதாகச் சொல்கிறது. இரண்டையும் ஒரே ஆண்டில் செய்ய நிதி இல்லை. எனக்கு முன்பிருந்தவர் விட்டுச்சென்ற கோப்புகளில் பழைய ஊடுருவல் சோதனை அறிக்கை ஒன்றும் கிடைத்தது. எதை முதலில் செய்வது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

இரவுப்பணி

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். அந்தப் பழைய அறிக்கையைத் திறங்கள். மிகக் கடுமையானவை என்று அதில் குறிக்கப்பட்ட குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இன்றும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். பாதிக்கு மேல் அப்படியே இருந்தால், புதிய சோதனைக்குக் கொடுக்கும் பணம் அதே அறிக்கையை இரண்டாம் முறை அச்சடித்து வாங்குவதற்குத்தான் போகும்.

தாக்குதல் நடந்த பிறகு அழைக்கப்படும் குழுவில் நான் வேலை செய்கிறேன். போன இடத்தில் நாங்கள் முதலில் கேட்டு வாங்குவது முந்தைய சோதனை அறிக்கைகளைத்தான். திருடர்கள் நுழைந்த வழி அதில் தெளிவாக எழுதப்பட்டிருப்பதைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். யாரும் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. படித்தார்கள், கூட்டம் போட்டார்கள். அதைச் சரிசெய்வது இன்னாருடைய வேலை, இந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

தணிக்கைத்தாள்

இரவுப்பணி சொல்வது சரிதான். ஆனால் பழைய அறிக்கை அதன் எல்லைக்குள் இருந்ததை மட்டுமே காட்டும். அன்று சோதனைக்கு உட்படாத சர்வர், அதன் பிறகு வாங்கிய மேகச் சேவை, ஒரு துறை தன்னிச்சையாகத் தொடங்கிய இணையப் படிவம் ஆகிய எதுவும் அதில் இருக்காது. ஆகவே, நம்மிடம் என்னென்ன இருக்கின்றன என்ற கணக்கெடுப்பையும் உடனே தொடங்க வேண்டும். சிஐஎஸ் என்ற அமைப்பு வெளியிடும் 'சிஐஎஸ் கட்டுப்பாடுகள்' என்ற பாதுகாப்பு நடவடிக்கைத் தொகுப்பில் முதலாவது சாதனங்களின் பட்டியல், இரண்டாவது மென்பொருள்களின் பட்டியல். பாதுகாப்புக் கருவிகளைப் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பின்னர்தான் வருகிறது.

எட்டாம் பதிப்பில் மொத்தம் 18 கட்டுப்பாடுகள், அவற்றின் கீழ் 153 நடவடிக்கைகள். மலைக்க வேண்டாம். சிறிய நிறுவனங்களுக்கென்று அதிலேயே முதல் அடுக்கு ஒன்றைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்; அதில் 56 நடவடிக்கைகள் மட்டுமே. உங்கள் அளவுள்ள நிறுவனம் அந்த 56-ஐ வைத்துக்கொண்டு தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளலாம். வெளியாள் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

புதுப்பொறுப்பு

நன்றி ஐயா. அந்த 56 கேள்விகளையும் துறைத் தலைவர்களுக்கு அனுப்பி 'ஆம் / இல்லை' என்று பதில் வாங்கினால் போதுமா?

தணிக்கைத்தாள்

போதாது. நான் தணிக்கையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் அழுத்தமாகவே சொல்கிறேன்: 'ஆம்' என்ற பதிலை ஏற்காதீர்கள். காட்டச் சொல்லுங்கள்.

"வேலையை விட்டுச் சென்றவர்களின் கணக்குகளை உடனே முடக்குகிறீர்களா?" என்று கேட்டால் எல்லா இடத்திலும் 'ஆம்' என்றுதான் பதில் வரும். மனிதவளத் துறையிடம் சென்ற ஆண்டு விலகியவர்களின் பட்டியலை வாங்கி, ஊழியர்களின் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் உயிரோடு இருக்கும் கணக்குகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரை நாள் வேலை. அதில் தெரிந்துவிடும். கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பும் (தொலைபேசிக்கு வரும் எண் போன்றது) எல்லோருக்கும் இருக்கிறது என்பார்கள். அமைப்பிலிருந்து நேரடியாகப் பட்டியல் எடுத்தால், விலக்கு அளிக்கப்பட்டவர்கள் என்று ஒரு குழு இருக்கும். பெரும்பாலும் அதில் மேலதிகாரிகளும், பழைய மென்பொருளுக்கான கணக்குகளும் இருப்பார்கள். தாக்குபவருக்கு மிகவும் பயன்படக்கூடியவையும் அவையே.

இரவுப்பணி

இதற்குப் பொருத்தமான நிகழ்வு 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்கு நேர்ந்தது. பயன்பாட்டில் இருப்பதாகவே யாரும் நினைக்காத பழைய விபிஎன் (வெளியிலிருந்து நிறுவன வலையமைப்புக்குள் நுழையும் வழி) கணக்கு ஒன்று. அதற்கு ஒரு கடவுச்சொல் மட்டுமே காவல், இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. அந்த வழியில்தான் உள்ளே வந்தார்கள். நாட்டின் கிழக்குப் பகுதிக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் பெருங்குழாய் பல நாட்கள் நிறுத்தப்பட்டது. 75 பிட்காயின் பிணைத்தொகையாகக் கொடுக்கப்பட்டது. அந்தக் கணக்கு எந்தப் பட்டியலிலாவது யார் கண்ணிலாவது பட்டிருந்தால் கதை வேறு.

ஊடுருவி

ஊடுருவல் சோதனை செய்வது என் தொழில். ஆகவே என் கருத்தில் சாய்வு இருக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் 'சோதனை வேண்டாம்' என்பதை அப்படியே ஏற்க முடியவில்லை.

பட்டியல்களும் ஒப்பீடுகளும் ஒவ்வொரு குறையையும் தனித்தனியாகக் காட்டும். தாக்குபவர் அவற்றைக் கோத்துப் பார்ப்பார். அச்சு இயந்திரத்தில் மாற்றப்படாத கடவுச்சொல் ஒன்று, எல்லோரும் திறக்கக்கூடிய பகிர்வுக் கோப்புறை ஒன்று, அதற்குள் யாரோ எழுதி வைத்த ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல், அந்த ஸ்கிரிப்டுக்குள் மென்பொருள்கள் இயங்கப் பயன்படும் சேவைக் கணக்கின் கடவுச்சொல். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே 'நடுத்தர' அபாயம். கோத்தால் மாலைக்குள் முழு வலையமைப்பும் கையில். இதை எந்த வினாப்பட்டியலும் காட்டாது. மேலிடத்துக்கு ஆபத்து உறைப்பதும் இப்படி ஒரு பாதையைக் கண்ணால் பார்க்கும்போதுதான்.

என் துறையில் நடக்கும் தவறான பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பல நிறுவனங்கள் குறைகளைத் தேடும் தானியங்கி ஸ்கேனரை ஓட்டிவிட்டு, அதன் வெளியீட்டுக்கு அட்டை போட்டு ஊடுருவல் சோதனை என்று விற்கின்றன. உங்களிடம் வந்திருக்கும் முன்மொழிவில் மூன்றைக் கேளுங்கள். கண்டுபிடித்த குறைகளைச் சுரண்டி எவ்வளவு தூரம் போவீர்கள்? சரிசெய்த பிறகு மறுசோதனை இதே கட்டணத்தில் உண்டா? பெயர் நீக்கிய மாதிரி அறிக்கை ஒன்றைக் காட்ட முடியுமா? இந்த மூன்றுக்கும் மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

இரவுப்பணி

ஊடுருவியுடன் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. வரிசையில்தான் வேறுபாடு. தெரிந்த ஓட்டைகளை அடைத்த பிறகு சோதனை செய்தால் தெரியாததைக் கண்டுபிடிப்பார்கள். அடைக்காமல் செய்தால் தெரிந்ததையே கண்டுபிடித்துவிட்டு முதல் நாளிலேயே வென்றுவிடுவார்கள். மீதி நாட்களில் நீங்கள் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

இன்னொன்று. சோதனைக்குச் செல்லும்போது 'வெளியிலிருந்து உடைத்துக் காட்டுங்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். சாதாரண ஊழியரின் மடிக்கணினி ஒன்று ஏற்கெனவே திருடர் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஏதோ ஒருவர் ஏதோ ஒருநாள் ஒரு இணைப்பைச் சொடுக்கத்தான் போகிறார். அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் போக முடியும், உங்கள் கண்காணிப்பில் எந்தக் கட்டத்தில் தெரியும் என்பவைதான் பயனுள்ள விடைகள்.

ஊடுருவி

முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். இன்னும் ஒரு படி மேலே போய், சோதனை நடக்கும்போதே உங்கள் ஆட்களை எங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள் என்பேன். நாங்கள் ஒரு செயலைச் செய்கிறோம், உங்கள் திரையில் எச்சரிக்கை வந்ததா என்று அங்கேயே பார்க்கிறோம். வரவில்லையென்றால் ஏன் என்று அங்கேயே தேடுகிறோம். மைட்டர் அட்டாக் என்ற பட்டியலில் தாக்குபவர்களின் உத்திகள் வகைபிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் துறையைத் தாக்கும் கும்பல்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் உத்திகளை அதிலிருந்து எடுத்து வரிசையாகச் செய்து பார்க்கலாம். இரகசியமாக வந்து உடைத்துவிட்டு வெற்றியை அறிவிப்பதைவிட இதில் உங்களுக்குக் கிடைப்பது அதிகம்.

சான்றுதேடி

சான்றிதழ் பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் வாடிக்கையாளர்கள் ஐஎஸ்ஓ 27001 இல்லாமல் ஒப்பந்தமே போடுவதில்லை. அதை வீண் செலவு என்று ஒதுக்க முடியாது.

தணிக்கைத்தாள்

யாரும் ஒதுக்கவில்லை. வாடிக்கையாளர் கேட்டால் எடுத்தாக வேண்டும். 2022 பதிப்பில் பின்னிணைப்பாக உள்ள 93 கட்டுப்பாடுகளும் நல்ல ஒழுங்கைக் கொண்டுவரக்கூடியவை. ஆனால் சான்றிதழில் எந்த எல்லைக்கு வழங்கப்பட்டது என்ற வரியைப் படியுங்கள். தலைமையகத்தின் ஒரே ஒரு துறைக்கு மட்டும் எடுத்துவிட்டு, முழு நிறுவனத்துக்கும் இருப்பதாகத் தோன்றும்படி விளம்பரம் செய்பவர்கள் உண்டு.

சான்றிதழ் ஒரு நாளின் நிலைமையைச் சொல்கிறது. அமெரிக்காவின் டார்கெட் விற்பனை நிறுவனம் 2013 செப்டம்பரில் அட்டைப் பரிவர்த்தனைப் பாதுகாப்புத் தரத்துக்கு இணங்குவதாகச் சான்று பெற்றது. அதே ஆண்டின் விடுமுறைக் காலத்தில் ஏறத்தாழ 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் அங்கிருந்து திருடப்பட்டன. குளிர்சாதனப் பராமரிப்பு செய்த ஒப்பந்த நிறுவனத்தின் கணக்கு வழியாக உள்ளே வந்தார்கள். என்னை உலுக்கியது இன்னொரு விவரம்: அவர்கள் வாங்கி வைத்திருந்த கண்காணிப்புக் கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தது. எச்சரிக்கை கொடுத்தது. அதன்மேல் உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கப்படவில்லை.

சான்றுதேடி

அப்படியானால் எச்சரிக்கையைப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் கருவி வாங்குவதே வீணா?

இரவுப்பணி

ஆம். என் பார்வையில் வீண்தான். இரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்தால் யாருடைய தொலைபேசி ஒலிக்கும்? அந்த மனிதருக்கு, யாரையும் கேட்காமல் ஒரு சர்வரை வலையமைப்பிலிருந்து துண்டிக்கும் அதிகாரம் உண்டா? இந்த இரண்டுக்கும் பெயர் சொல்லிப் பதில் தர முடியாத நிறுவனம் விலையுயர்ந்த கருவியை வாங்கும் முன், அந்தப் பொறுப்பை ஏற்கும் சேவை நிறுவனத்தை அமர்த்துவது நல்லது. தாக்குபவர்கள் நீண்ட விடுமுறைக்கு முந்தைய மாலையைத்தான் விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். அலுவலக நேரத்தில் மட்டும் விழித்திருக்கும் கண்காணிப்பு அவர்களுக்கு வசதி.

காப்புநகல்

இவ்வளவு பேசியும் காப்பு நகலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் சர்வர் பராமரிப்பில் இருப்பவன். என் கருத்து இதுதான்: புதுப்பொறுப்பு அவர்கள் இந்த மாதம் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால், மிக முக்கியமான ஒரு மென்பொருளை முழுமையாக மீட்டெடுத்துப் பார்க்கட்டும். ஒரு கோப்பை மட்டும் மீட்டால் போதாது. வெற்று சர்வரிலிருந்து தொடங்கி, அந்த மென்பொருளைத் திறந்து, ஒரு பயனர் உள்நுழைந்து வேலை செய்யும் வரை போக வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்கிறேன். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீங்கு நிரல் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகள் உலகம் முழுவதும் அழிந்தன. தனித்தனி சர்வர்களுக்குக் காப்பு நகல்கள் இருந்தன. ஆனால் யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கும் டொமைன் கண்ட்ரோலர்களுக்குத் தனியாகக் காப்பு நகல் இல்லை. ஒன்று போனால் மற்றொன்று இருக்கிறதே என்ற நம்பிக்கைதான் காரணம். எல்லாம் ஒன்றோடொன்று தகவலைப் பகிர்ந்துகொண்டிருந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் எண்ணவில்லை. கானாவில் இருந்த ஓர் அலுவலகத்தில் தாக்குதலின்போது மின்சாரம் இல்லாததால் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த ஒரே ஒரு கண்ட்ரோலர் தப்பியது. அதை வைத்துத்தான் மீண்டார்கள். 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் மீண்டும் நிறுவியதாக அதன் தலைவர் பின்னர் சொன்னார். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஒரு மின்வெட்டின் தயவில் பிழைக்கும் நிலை எந்த நிறுவனத்துக்கும் வரக்கூடாது.

ஊடுருவி

நாங்கள் உள்ளே நுழைந்ததும் தேடுவதும் காப்பு நகல் சர்வரைத்தான். அது அதே டொமைனில் (ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள கணினித் தொகுதியில்), அதே நிர்வாகக் கணக்கில் இருந்தால் தாக்குபவர் முதலில் அதை அழித்துவிட்டுத்தான் மற்றவற்றைப் பூட்டுவார்.

காப்புநகல்

அதேதான். குறைந்தது ஒரு நகலாவது வேறு கணக்கில், வேறு கடவுச்சொல்லில், குறிப்பிட்ட காலத்துக்கு நிர்வாகியே நினைத்தாலும் அழிக்க முடியாத வகையில் இருக்க வேண்டும்.

நகல் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு சான்று பிரிட்டிஷ் நூலகம். 2023 அக்டோபரில் தாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில், நடந்ததை அவர்களே விரிவான அறிக்கையாக வெளியிட்டார்கள். மின்னணுச் சேகரிப்புகளின் பாதுகாப்பான நகல்கள் அவர்களிடம் இருந்தன. அவற்றை எங்கே மீட்டு வைப்பது? சர்வர்கள் அழிக்கப்பட்டிருந்தன. பழைய மென்பொருள்கள் பலவற்றைப் புதிய சூழலில் நிறுவ வழியில்லை. மீட்பு மாதக்கணக்கில் இழுத்தது. ஒரு நிறுவனம் தன் காயத்தை இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு நாமெல்லாம் நன்றி சொல்ல வேண்டும். புதுப்பொறுப்பு அவர்களே, உங்கள் மேலிடத்துக்கு அந்த அறிக்கையைப் படிக்கக் கொடுங்கள். எந்த ஆலோசகரின் விளக்கக்காட்சியையும்விட அது நன்றாகப் பேசும்.

நிலாமுற்றம்

நான் மனிதவளப் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் நிறுவனத்தில் பாதுகாப்பு மதிப்பீடு என்றாலே ஊழியர்களுக்கு, ஏமாற்றிச் சொடுக்க வைக்கும் போலி ஃபிஷிங் மின்னஞ்சல் அனுப்பி, சொடுக்கியவர்களின் பட்டியலை மேலாளருக்குக் கொடுப்பதுதான். ஒருமுறை ஊக்கத்தொகை அறிவிப்பு போலவே அனுப்பினார்கள். சொடுக்கியவர்கள் கூனிக்குறுகிப் போனார்கள். அதற்குப் பிறகு உண்மையாகவே சந்தேகமான மின்னஞ்சல் வந்தாலும் யாரும் தகவல் தருவதில்லை. இது பாதுகாப்பைப் பலப்படுத்துகிறதா?

சான்றுதேடி

சொடுக்குபவர்கள் யார் என்று தெரிந்தால்தானே பயிற்சி கொடுக்க முடியும்? மனிதர்கள்தான் பலவீனமான கண்ணி என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

இரவுப்பணி

அந்த வாசகத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மின்னஞ்சலைத் திறந்து படிப்பதற்குத்தான் அந்த ஊழியருக்குச் சம்பளம். ஒரே ஒரு சொடுக்கில் நிறுவனம் கவிழ்ந்துவிடுகிறது என்றால் பலவீனம் அந்த ஊழியரிடம் இல்லை. அவருடைய கணினியில் நிர்வாக உரிமை ஏன் இருந்தது, அங்கிருந்து நிதித்துறைச் சர்வருக்கு ஏன் வழி இருந்தது என்று கேளுங்கள்.

சூரிக்கில் உள்ள ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தில் 14,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்து 15 மாதங்கள் ஆய்வு செய்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். போலி மின்னஞ்சலைச் சொடுக்கியவுடன் பயிற்சிப் பக்கத்தைக் காட்டும் முறை ஊழியர்களை மேலும் விழிப்பாக்கவில்லை என்பதோடு, சிலரிடம் எதிர்விளைவையும் ஏற்படுத்தியது. அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சந்தேகமான மின்னஞ்சலைத் தெரிவிக்க எளிய பொத்தான் ஒன்றைக் கொடுத்தபோது, ஊழியர்கள் சோர்ந்துவிடாமல் நீண்ட காலம் தொடர்ந்து தகவல் தந்தார்கள். புதிய தாக்குதல்கள் விரைவாகப் பிடிபட்டன. ஆகவே சொடுக்கியவர்களை எண்ணாதீர்கள். முதல் தகவல் எத்தனை நிமிடங்களில் வந்தது என்று அளவிடுங்கள்.

நிலாமுற்றம்

மிக்க நன்றி. இதை அப்படியே எங்கள் அடுத்த கூட்டத்துக்கு எடுத்துச் செல்கிறேன். தகவல் தருபவருக்கு "நன்றி, இது உண்மையான தாக்குதல்தான்" என்று ஒரு வரி பதில் போனாலே அடுத்த முறை பத்துப் பேர் தகவல் தருவார்கள் என்பது என் நம்பிக்கை. இப்போது பதிலே வருவதில்லை.

தணிக்கைத்தாள்

அதோடு, தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி ஊழியர்களை வதைப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017-லேயே, கசிந்ததற்கான சான்று இல்லாதபோது காலமுறைப்படி மாற்றக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று வழிகாட்டியது. மாற்றச் சொன்னால் கடைசி எண்ணை ஒன்று கூட்டி வைப்பார்கள், வேறொன்றும் நடக்காது.

புதுப்பொறுப்பு

சில வாரங்கள் கழித்து வருகிறேன். நீங்கள் சொன்னபடி தொடங்கினேன்.

பழைய அறிக்கையில் கடுமையானவை என்று குறிக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. விலகியவர்களின் பட்டியலை ஒப்பிட்டதில், உயிரோடு இருந்த கணக்குகளில் ஒன்றுக்கு நிர்வாக உரிமையே இருந்தது. உடனே முடக்கிவிட்டோம். மீட்பு ஒத்திகை இன்னும் முடியவில்லை. கணக்கியல் மென்பொருளின் உரிமச் சாவி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால் அதிலேயே நிற்கிறோம்.

இப்போது புதிய சிக்கல். இலவச ஸ்கேனர் ஒன்றை ஓட்டினேன். ஆயிரக்கணக்கில் குறைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. நூற்றுக்கணக்கானவை சிவப்பு நிறத்தில். என் குழுவில் இருப்பது மூன்று பேர். எதை எடுப்பது, எதை விடுவது?

காப்புநகல்

உரிமச் சாவி விஷயத்தை இப்போதே கண்டுபிடித்தது நல்லது. தாக்குதல் நடந்த இரவில் அதைத் தேடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மீட்பதற்கான வழிமுறை, சாவிகள், தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். சர்வரில் மட்டும் இருந்தால் சர்வரோடு சேர்ந்து அவையும் பூட்டப்படும்.

ஊடுருவி

ஸ்கேனரின் சிவப்பு நிறம் பெரும்பாலும் சிவிஎஸ்எஸ் மதிப்பெண்ணை வைத்து வருவது. அந்தக் குறை சுரண்டப்பட்டால் எவ்வளவு கடுமை என்பதை அது சொல்லும். யாராவது அதைச் சுரண்டுகிறார்களா என்பதைச் சொல்லாது. அதற்கு வேறு இரண்டு இடங்களைப் பாருங்கள்.

அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, உண்மையான தாக்குதல்களில் பயன்படுத்தப்பட்டதாக உறுதியான குறைகளை மட்டும் தொகுத்து 2021 நவம்பரிலிருந்து வெளியிட்டு வருகிறது. இதுவரை அறிவிக்கப்பட்ட எல்லாக் குறைகளோடும் ஒப்பிட்டால் மிகச் சிறிய பட்டியல். உங்கள் ஆயிரத்தில் எவை அதில் இருக்கின்றன என்று பொருத்திப் பாருங்கள். அவைதான் இந்த வார வேலை. அடுத்து இபிஎஸ்எஸ் என்ற கணிப்பு. ஒரு குறை அடுத்த 30 நாட்களில் சுரண்டப்படுவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று அது தினமும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து, இணையத்துக்கு நேராகத் திறந்திருக்கும் சாதனங்களை மேலே வையுங்கள். விபிஎன் கருவி, ஃபயர்வால் (வலையமைப்பின் தடுப்புச்சுவர்), மின்னஞ்சல் சர்வர், தொலைவிலிருந்து நுழையும் வழிகள். நூற்றுக்கணக்கான சிவப்பில் கைவிரல்களுக்குள் அடங்கும் எண்ணிக்கைதான் எஞ்சும்.

இரவுப்பணி

வன்னாக்ரை என்ற ரேன்சம்வேரை நினைத்துக்கொள்ளுங்கள். அது பயன்படுத்திய விண்டோஸ் குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. தாக்குதல் மே 12 அன்று வந்தது. இடையில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இருந்தும் உலகெங்கும் மருத்துவமனைகளும் தொழிற்சாலைகளும் முடங்கின. இன்று அவ்வளவு அவகாசம் கிடைப்பதில்லை. இணையத்தைப் பார்த்திருக்கும் சாதனம் என்றால், குறை அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே வந்து தட்டிப் பார்க்கிறார்கள்.

தணிக்கைத்தாள்

அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸில் அதே ஆண்டு நடந்த நிகழ்வையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அங்கே செயல்முறை எல்லாம் எழுத்தில் இருந்தது. இணையச் செயலிகளை உருவாக்கப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் குறை 2017 மார்ச் தொடக்கத்தில் வெளியானது. 48 மணி நேரத்துக்குள் திருத்தத்தைப் போடுங்கள் என்று உள்ளே அறிவிப்பு அனுப்பினார்கள். அறிவிப்புக்கான முகவரிப் பட்டியல் பழையது. செய்ய வேண்டியவருக்குப் போய்ச் சேரவில்லை. பிறகு ஸ்கேனும் ஓட்டினார்கள். குறையுள்ள சர்வரை அது கண்டுபிடிக்கவில்லை. 'செய்தாயிற்று' என்று எண்ணிக்கொண்டார்கள். மே மாதத்தில் உள்ளே வந்தவர்கள் ஜூலை இறுதிவரை இருந்தார்கள். வலையமைப்புப் போக்குவரத்தை ஆராயும் கருவியின் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்ததால், அது எதையும் பார்க்கவே இல்லை. சான்றிதழைப் புதுப்பித்தவுடன் சந்தேகமான போக்குவரத்து கண்ணில் பட்டது. அதற்குள் 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் போய்விட்டன.

கொள்கை இருந்தது, அறிவிப்பு இருந்தது, ஸ்கேனர் இருந்தது, கண்காணிப்புக் கருவி இருந்தது. வினாப்பட்டியல் அனுப்பியிருந்தால் நான்குக்கும் 'ஆம்' என்றுதான் எழுதியிருப்பார்கள். 'காட்டுங்கள்' என்று நான் மேலே சொன்னதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

புதுப்பொறுப்பு

புரிகிறது. எங்களிடமும் ஃபயர்வாலின் பதிவுகள் (நடப்பதைத் தானாகக் குறித்து வைப்பவை) ஓரிடத்தில் சேர்கின்றன என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். திறந்து பார்த்தபோது வட்டு நிரம்பிப்போய் நெடுநாளாக எதுவும் எழுதப்படவில்லை.

மேலிடத்திடம் இதை எப்படிச் சொல்வது என்பதில்தான் தயக்கம். 'பாதுகாப்பாக இருக்கிறோமா' என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்ற பதிலை எதிர்பார்க்கிறார்கள். நான் குறைகளை அடுக்கினால் பயமுறுத்துவதாக எண்ணக்கூடும்.

இரவுப்பணி

தொழில்நுட்பக் குறைகளை அடுக்காதீர்கள். ஒரு அரை நாள் அவர்களை ஒரு மேசையில் உட்கார வைத்து ஒத்திகை நடத்துங்கள். "இன்று காலை எந்தக் கணினியும் திறக்கவில்லை. திரையில் பிணைத்தொகை கேட்டுச் செய்தி. மின்னஞ்சலும் வேலை செய்யவில்லை." இவ்வளவுதான் நீங்கள் சொல்ல வேண்டியது. பிறகு கேள்விகளைப் போடுங்கள். வாடிக்கையாளர்களுக்கு யார், எந்த வழியில் தகவல் சொல்வது? எந்த மூன்று வேலைகள் முதலில் உயிர்பெற வேண்டும்? சம்பளம் எப்படிப் போகும்? பணம் கொடுப்பதா என்பதை முடிவு செய்பவர் யார்? சட்டப்படி யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும்? இதில் பங்கேற்ற மேலதிகாரிகள் அறையை விட்டு வெளியே வரும்போது அவர்களாகவே நிதியைப் பற்றிப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

நார்வேயின் நார்ஸ்க் ஹைட்ரோ அலுமினிய நிறுவனத்தை 2019 மார்ச்சில் ரேன்சம்வேர் தாக்கியது. பணம் கொடுக்க மறுத்தார்கள். பல ஆலைகளைக் கைமுறையாக இயக்கினார்கள், நடப்பதை ஒளிக்காமல் வெளியே சொன்னார்கள், காப்பு நகலிலிருந்து மீண்டார்கள். இழப்பு பெரியதுதான். ஆனாலும் அந்த உறுதியான நடத்தையை நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன்.

தணிக்கைத்தாள்

அறிக்கை எழுத ஒரு சட்டகம் வேண்டுமென்றால் என்ஐஎஸ்டியின் இணையப் பாதுகாப்புச் சட்டகத்தைப் பயன்படுத்துங்கள். 2024 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பதிப்பில் ஆறு தலைப்புகள்: ஆளுகை, அடையாளம் காணுதல், பாதுகாத்தல், கண்டறிதல், எதிர்கொள்ளுதல், மீளுதல். ஆளுகை இந்தப் பதிப்பில்தான் புதிதாகச் சேர்க்கப்பட்டது. பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை மேலிடத்தின் மேசையில் வைப்பதற்காகவே. ஒவ்வொரு தலைப்புக்கும் இன்றைய நிலை, ஓராண்டில் எட்ட வேண்டிய நிலை, பொறுப்பாளர் பெயர் என்று எழுதினால் இரண்டு பக்கத்துக்குள் முடியும். மதிப்பெண் போட்டு வண்ணமடிக்க வேண்டாம். மூன்று, நான்கு எண்களைக் கொடுங்கள்: இணையத்தை நோக்கிய கடுமையான குறைகளைச் சரிசெய்ய சராசரியாக எத்தனை நாள், இரண்டாவது சரிபார்ப்பு இல்லாத கணக்குகள் எத்தனை, கடைசியாக வெற்றிகரமாக மீட்டுப் பார்த்தது எந்தத் தேதி. காலாண்டுக்கு ஒருமுறை அதே எண்களைக் காட்டினால் முன்னேற்றம் தானாகத் தெரியும்.

சான்றுதேடி

வெளி நிறுவனங்களை எப்படி மதிப்பிடுவது? எங்களுக்கு வரும் வினாப்பட்டியல்களை நிரப்புவதற்கென்றே ஓர் ஆள் வைத்திருக்கிறோம். நிரப்புகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அதைப் படித்து யாரும் திரும்பக் கேள்வி கேட்டதில்லை.

ஊடுருவி

அந்தப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. 2020 டிசம்பரில் வெளியான, வலையமைப்பு மேலாண்மை மென்பொருள் விற்கும் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் விவகாரத்தில், முறையாகக் கையொப்பமிடப்பட்டு வந்த புதுப்பிப்புக்குள்ளேயே தீங்கு நிரல் இருந்தது. வாங்கியவர்கள் எந்தப் பட்டியலை அனுப்பியிருந்தாலும் அது தெரிந்திருக்காது. ஆகவே அவர்கள் எவ்வளவு பாதுகாப்பு என்று துருவுவதைவிட, அவர்கள் உடைந்தால் நம்மிடம் எவ்வளவு தூரம் வர முடியும் என்பதைக் குறையுங்கள். அவர்களின் கணக்குக்கு வேலை நேரத்தில் மட்டும் அனுமதி, தேவையான ஒரே சர்வருக்கு மட்டும் வழி, இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். அந்தச் சர்வர் இணையத்தில் எங்கும் போக முடியாதபடி பூட்டி வையுங்கள். ஒப்பந்தத்தில், அவர்களுக்குத் தாக்குதல் நடந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் நமக்குச் சொல்ல வேண்டும் என்ற பிரிவு இருக்கட்டும்.

புதுப்பொறுப்பு

ஒத்திகைக்கு மேலிடம் சம்மதித்துவிட்டது. நிதித்துறைத் தலைவரும் வருகிறார். ஊடுருவல் சோதனையை ஆண்டின் பிற்பகுதிக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். ஊடுருவி அவர்கள் சொன்ன மூன்று கேள்விகளையும் அந்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். மறுசோதனைக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். வேறு இடத்தில் விசாரிக்கிறேன். சான்றிதழைப் பற்றி அடுத்த ஆண்டு பேசலாம் என்று முடிவாகியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது? வட்டு விலையைக் காட்டி முப்பது நாள் போதும் என்கிறார்கள்.

இரவுப்பணி

போதாது. தாக்கியவர்கள் மாதக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டுத்தான் வெளிப்படுவதுண்டு. முப்பது நாள் பதிவை வைத்துக்கொண்டு எங்களால் அவர்கள் நுழைந்த வழியைக் கண்டுபிடிக்க முடியாது. வழி தெரியாமல் மீட்டெடுத்தால் அதே வழியில் திரும்ப வருவார்கள். எல்லாவற்றையும் நீண்ட காலம் வைக்க முடியாவிட்டால் பிரித்துக்கொள்ளுங்கள். உள்நுழைவுப் பதிவுகள், விபிஎன் பதிவுகள், நிர்வாகக் கணக்குகளின் செயல்கள் ஆகியவை அளவில் சிறியவை. இவற்றை ஓராண்டு வையுங்கள். ஃபயர்வாலின் முழுப் போக்குவரத்துப் பதிவைத் தொண்ணூறு நாளாக்குங்கள். எல்லாச் சாதனங்களின் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றனவா என்றும் இன்றே பாருங்கள். பத்து நிமிடம் முன்பின்னாக ஓடும் சர்வர்களின் பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்துவதில் எங்கள் குழுவுக்கு முழு இரவுகள் போயிருக்கின்றன. அந்த வட்டு மறுபடி நிரம்பினால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும்படி எச்சரிக்கை ஒன்றையும் அமைத்துவிடுங்கள்.